வால் நறுக்கிய அறுபத்தெட்டுப் பாடங்கள்

ஜூன் 9, திங்கள்

காலை இட்லி, தக்காளிச் சட்னி. மத்தியானம் புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் இனி ஆவணி வரைக்கும் துணி காயாது.

நேற்று எழுதவில்லை. வீட்டில் சண்டை. என் மகன் குற்றாலிங்கத்துக்கும் மருமகள் கனகாவுக்கும்.

கனகா இரண்டு வருஷமாகப் பாட்டு கற்கிறாள். மதுரையில் இருக்கும் விசாலாட்சி டீச்சர் பாடம் பாடிப் பதிவு செய்து போனில் அனுப்புவார். இவள் விடியற்காலையில் எழுந்து அதைப் போட்டுப் போட்டுப் பாடுவாள். போனில் இடம் போதவில்லை என்று பேத்தி வருணிகா மே மாத லீவில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். வருகிற 28ஆம் தேதி திருநெல்வேலியில் பரீட்சை. பாஸ் செய்தால் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குற்றாலிங்கத்துக்குப் பெயிண்ட் கடை. கடையில் பாதி நாள் கனகாதான் உட்காருகிறாள். அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனுக்குக் கவலை. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். "நாப்பத்திரண்டு வயசுல என்ன சரிகமபதநி? பரீட்சை முடியட்டும், இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுதேன்" என்றான்.

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவள்.

நான் நடுவில் போகவில்லை. இருவரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நான் செய்த வேலையை நானே மெச்சிக்கொள்கிறேன். வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது இந்த வீட்டில் வருணிகாவைத் தவிர யாருக்கும் தெரியாது. லீவில் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆன் செய்வது, அம்புக்குறியை ஓட்டுவது, ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் போடுவது, பேர் மாற்றுவது. "ஆச்சி, நீ செம ஃபாஸ்ட்டு" என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாடு பதினாறு வரை இன்னும் மறக்கவில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்.

கனகாவின் பாடங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கிற கிடப்பைப் பார்த்து எனக்குப் பல நாளாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. முகப்பில் பத்து, உள்ளே ஒரு ஃபோல்டரில் இருபது, இன்னொன்றில் மீதி. தினமும் காலையில் கல்யாணி எங்கே, காம்போதி எங்கே என்று பத்து நிமிஷம் தேடுவாள். டீச்சர் பேர் எல்லாம் தமிழில்தான் வைத்திருக்கிறார். அதனால் எனக்குச் சிரமமில்லை. இன்று கடையில் வேலை செய்கிற பெண் வராததால் கனகாவும் ராத்திரி வரை கடையில். காலையில் குற்றாலிங்கம் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடை போர்டுக்கு டிசைன் பார்த்தான். அவன் போன பிறகு வீடு எனக்கு.

முதலில் எல்லாவற்றையும் இழுத்து ஒரே ஃபோல்டரில் சேர்த்தேன். அறுபத்தெட்டு. பிறகு பார்த்தால் ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு வால். புள்ளி வைத்து எம்.பி.4, சிலதுக்கு எம்.பி.3, இன்னும் சிலதுக்கு வேறு என்னவோ மூன்று எழுத்து. 'கல்யாணி வர்ணம்' என்று அழகாகத் தமிழில் எழுதிவிட்டு அதன் பின்னால் இது எதற்கு? ஒவ்வொன்றாக நறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் எதையோ கேட்டது. எது கேட்டாலும் இடது பக்கத்தை அமுக்கு என்று வருணிகா சொல்லியிருக்கிறாள். அமுக்கினேன்.

வாலை எடுத்ததும் சிலது ஒரே பேரில் இரண்டு இரண்டாக வந்தது. இரட்டைக்குத் தானாகவே 2 என்று நம்பர் போட்டுக்கொண்டது. ஒரே பாடம் இரண்டு எதற்கு? அப்படிப் பதினாலு இருந்தது. குப்பைத்தொட்டிப் படத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். தொட்டியையும் காலி செய்யப் போனேன். அதற்குள் விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டுக் குப்பை போகக்கூடாது, அதுவும் செவ்வாய்க்கிழமை. கம்ப்யூட்டர் குப்பையானாலும் வீட்டுக்குள் இருக்கிற குப்பைதானே. விட்டுவிட்டேன்.

கனகா எட்டு மணிக்குத் தலைவலி என்று வந்து படுத்துவிட்டாள். காலையில் அவளாகவே பார்க்கட்டும். "யாரு அடுக்கினது?" என்று அவள் கேட்டபின் சொல்லலாம்.

ஜூன் 11, புதன்

ஐந்தரை மணிக்குக் கனகா கத்திய கத்தலில் நான் எழுந்தேன். பாட்டு அல்ல.

"என்னங்க! இங்க வாங்க!"

குற்றாலிங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"என்ன பண்ணுனீங்க?"

"எதை?"

"என் பாடத்தை. ஒண்ணுகூடத் திறக்கல. எல்லாம் வெள்ளைத்தாளா நிக்கு."

"ஏளா, நான் எதையும் தொடலியே."

"நேத்து இதுல யாரு உக்காந்திருந்தா? நீங்கதான?"

"போர்டுக்கு டிசைன் பாத்தேன். அவ்வளவுதான்."

"அங்கங்க கிடந்த பாடத்தை எல்லாம் அள்ளி ஒரே இடத்துல குவிச்சிருக்கு. பதினாலைக் காணவே காணோம். இதெல்லாம் தானா நடக்குமா? ஒண்ணு விடாம அழிக்கணும்னுதான ஒரே இடத்துல சேத்தீங்க? ஞாயித்துக்கிழமை என்ன சொன்னீங்க? பழைய இரும்புக்குப் போடுவேன்னீங்க. போட்டுட்டீங்க."

அவன் திருப்பிச் சொன்னதை எழுதவேண்டாம்.

விசாலாட்சி டீச்சருக்கு ஜனவரியில் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சே காற்று மாதிரிதான் வருகிறதாம். பாட்டு இனி இல்லை. அனுப்பின பாடங்களைத் தன் போனில் இடமில்லை என்று அப்போதைக்கப்போதே அழித்துவிடுவாராம். அதாவது அந்தக் குரல் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. இதைக் கனகா அழுதுகொண்டே சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

நான் அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் போய்ப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஜூன் 12, வியாழன்

கனகா அவனுக்குச் சோறு போடவில்லை. நான் போட்டேன். பாதியில் எழுந்துவிட்டான்.

கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்: "அம்மாவும்தான் வீட்டுல இருந்தா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கியா நீ? எல்லாத்துக்கும் நான்தானா?"

கனகா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அத்தையை எதுக்கு இழுக்கீங்க? பாவம், அத்தைக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்கத் தெரியாது. இதை ஆன் பண்ணவே ஒரு ஆள் வேணும்."

அது மருமகள் என் பக்கம் பேசிய பேச்சு. அப்படித்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

டிவி ரிமோட்டில் பேட்டரி போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாதபோது போய் ஆன் செய்தேன், தெரியுமா தெரியாதா என்று எனக்கே காட்டிக்கொள்ள. ஆன் ஆனது. அறுபத்தெட்டில் பதினாலு போக ஐம்பத்துநாலும் வெள்ளைத்தாளாக நின்றன. நான் நறுக்கியபோதே அப்படி ஆகியிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் பேரை மட்டும் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. ஒன்றைத் திறந்தேன். எதனால் திறக்க என்று இங்கிலீஷில் கேட்டது. மூடிவிட்டேன்.

குப்பைத்தொட்டி நிறைந்து நின்றது. இன்று வியாழன், பகல் நேரம், கொட்டினால் தோஷமில்லை. கொட்டிவிட்டால் அதற்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. அம்புக்குறியை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

கொட்டவில்லை. வாசலில் பால்காரர் மணி அடித்தார்.

ஜூன் 13, வெள்ளி

கனகா கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் போனில் பேசினாள். அவர் பெட்டியைப் பார்க்காமலேயே வைரஸ் என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போய், உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துப் புதிதாக ஆக்கித் தருவாராம்.

"துடைச்சா பாடம்?" என்றாள்.

"அதான் ஏற்கெனவே போச்சே மேடம்" என்றது ஸ்பீக்கரில் கேட்டது.

சாயங்காலம் பூஜையறையில் உட்கார்ந்து டீச்சர் இல்லாமலே காம்போதி பாடிப் பார்த்தாள். சரணத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். நாலாம் தடவை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த இடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அடுக்களையிலிருந்து கேட்டவள். ஆனால் தெரிவது வேறு, தொண்டையில் வருவது வேறு.

எனக்கு இரவுப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 

ஜூன் 14, சனி

இருவரும் கடைக்குப் போனார்கள். தனித்தனியாகப் போனார்கள்.

நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் கெடுத்தவள் போல இல்லை, சும்மா பார்ப்போம் என்றுதான். வருணிகா பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய படம் முகப்பில் இருந்தது. அமுக்கினேன். ஆடினாள். பாடங்களை அமுக்கினால் ஒன்றும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வருணிகாவின் படத்துக்கு வால் இருந்தது. புள்ளி, எம், பி, 4.

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டேன்.

எழுத்துப் பலகையில் எம் எங்கே இருக்கிறது என்று தேடவே ஐந்து நிமிஷம் ஆனது. 'கல்யாணி வர்ணம்' பின்னால் வாலை ஒட்டினேன். வெள்ளைத்தாள் போய்ப் படம் வந்தது. அமுக்கினேன்.

டீச்சர் தம்புராவைச் சரிசெய்துகொண்டு, "கனகா, இந்த இடத்துல அவசரப்படக்கூடாது, சரியா?" என்றார். பழைய குரல். அவசரப்படக்கூடாது என்று எனக்கே சொன்னது போல இருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

எது எந்த வால் என்று நினைவில்லை. நாலைப் போட்டுப் பார்ப்பது, திறக்காவிட்டால் மூன்றைப் போடுவது. இரண்டிலும் திறக்காததற்கு அந்த மூன்றாவது வால். அது எந்த எழுத்து என்று தெரியாமல் தவித்தேன். கடைசியில் குற்றாலிங்கம் வைத்திருந்த பெயிண்ட் கலர் அட்டையின் ஃபைலில் கண்டுபிடித்தேன்: பி.டி.எஃப். போட்டதும் டீச்சர் கையால் ஸ்வரம் எழுதிய தாள் விரிந்தது. குப்பைத்தொட்டியில் கிடந்த பதினாலில் ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஸ்வரத்தாள். பாட்டு ஒன்று, அதன் தாள் ஒன்று. பேர்தான் ஒன்று. அதை நான் இரட்டை என்று நினைத்துவிட்டேன்.

பதினாலையும் மீட்டேன். மூன்று மணி வரை முப்பத்தொன்பது முடிந்தது. குழம்பு அடிப்பிடித்தது. "அத்தை, தீயற வாடை வருது?" என்றாள் கனகா வந்ததும். ஆமாம் என்றேன்.

இன்னும் இருபத்தொன்பது. நாளை பத்து மணிக்கு ஆள் வருகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

நாலு மணிக்கு எழுந்து ஏழுக்கு முடித்தேன். அறுபத்தெட்டும் சரி. யாரும் எழவில்லை. வேலை முடிந்தது, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்து முதல் டிகாக்ஷன் இறக்கினேன்.

ரிப்பேர்க்காரர் வருமுன் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று கனகா ஆன் செய்தாள். ஒன்றைத் திறந்தாள். திறந்தது. அடுத்தது. அடுத்தது. ஓடிப்போய்த் தன் போனை எடுத்து ரிப்பேர்க்காரரை வரவேண்டாம் என்று சொன்னாள். அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம். நான் கண்ணாலேயே பார்த்தேன்.

அப்புறம் அந்த முகம் திரும்பியது. குற்றாலிங்கம் பல் துலக்கிவிட்டு வந்து நின்றான்.

"பயந்துட்டீங்க, இல்ல?" என்றாள் அவனிடம். "வெளியாள் வந்து பாத்தா குட்டு வெளிய வந்துரும்னு ராவோட ராவா திருப்பி வச்சுட்டீங்க."

"கனகா, நான் தொடவே இல்ல."

"பதினாலு காணாமப் போனதும் வந்து உக்காந்திருக்கு. அதுவும் தானா வந்துச்சா? செஞ்சதைக் கூட மன்னிச்சிருவேன். செய்யலைன்னு நின்னு சாதிக்கீங்க பாருங்க, அதைத்தான்…"

அவன் தன் நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தான். "உலகம்மன் சத்தியமா நான் இல்ல."

"அப்ப யாரு? அத்தையா?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் டம்ளரில் நுரை வரும்வரை ஆற்றினேன்.

கனகா செவ்வாய்க்கிழமை கோவில்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். பரீட்சை வரை அங்கே இருந்து படிப்பாளாம். "அதுக்கப்புறம் வாரதா வேண்டாமான்னு பிறகு பேசிக்கிடுவோம்" என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையைத் திறக்கப் போனான்.

ஜூன் 16, திங்கள்

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒழுங்குபடுத்தத்தான் போனேன். கெட்டதை நானே சரிசெய்தும் வைத்துவிட்டேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை தானாக ஆறிவிடும். எத்தனை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து வருணிகா பேசினாள். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் போன் கொடுப்பார்கள்.

"ஆச்சி, அம்மா ஊருக்குப் போறாளாமே. அப்பா நிஜமாவே அப்படிப் பண்ணினாரா?"

"ஏட்டி, உங்கப்பா எங்க அப்படிப் பண்ணுவான்?"

"அம்மா அழுதா ஆச்சி. எனக்கு அப்பாகிட்ட பேசவே பிடிக்கல. இந்த வாரம் அவர் பாக்க வந்தா நான் கீழ இறங்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "ஆச்சி, நீ கம்ப்யூட்டர் பக்கம் எதுவும் போனியா?"

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணி பஸ். ஒன்பது மணிக்கு அவன் கடைக்குப் போய்விட்டான். போய்வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கூடத்தில் பை தயாராக நின்றது. கனகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நான் போய் நின்றேன். கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கனகா. அவன் இல்ல. நான்."

"என்னத்தே?"

"உன் பாடத்தை எல்லாம் ஒரே இடத்துல சேத்தது நான். வாலை நறுக்கினது நான். பதினாலைக் குப்பையில போட்டதும் நான். திரும்ப ஒட்டினதும் நான்தான்."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. "அத்தே, மகனுக்காகப் பேசுதீங்க. புரியுது. எங்கம்மாவும் எங்கண்ணன் என்ன செஞ்சாலும் இப்படித்தான் முன்னால வந்து நிப்பா. நீங்க வருத்தப்படாதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"நான் பொய் சொல்லுதேன்ங்கியா?"

"வாலு அது இதுன்னு அவுக சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காக. உங்களுக்கு இதை ஆன் பண்ணத் தெரியுமா?"

அறுபத்தெட்டு வயசில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளப் போய், அதற்கும் நான் லாயக்கில்லை என்று ஒருத்தி சொல்கிறாள்.

"எந்திரி" என்றேன்.

"அத்தே, பஸ்ஸுக்கு…"

"எந்திரி. அங்கிட்டுப் போ."

கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மவுஸைப் பிடித்தேன்.  காம்போதியைத் தேர்ந்தெடுத்தேன். பேரைத் திறந்து, கடைசிக்குப் போய், நாலு, பி, எம், புள்ளி. ஒவ்வொன்றாக நறுக்கினேன்.

"அத்தே! அத்தே, வேண்டாம்! அதுதான் பரீட்சைக்கு…"

பெட்டி வந்து கேட்டது. நான் இடது பக்கத்துக்குப் போனேன்.

"இது என்ன கேக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" கனகா என் தோளைப் பிடித்துவிட்டாள்.

"தெரியாது. இங்க அமுக்கணும்."

"பேரோட கடைசியை மாத்துனா ஃபைல் உபயோகப்படாமப் போயிரலாம், நிச்சயமா மாத்தவான்னு கேக்கு! அறுபத்தெட்டு தடவை கேட்டிருக்கு அத்தே!"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அதுக்குத் தெரியாதுல்லா" என்றேன். அமுக்கினேன்.

காம்போதி வெள்ளைத்தாளாக நின்றது.  நான் அவள் பக்கம் திரும்பவில்லை. மறுபடி பேரைத் திறந்து வாலை ஒட்டினேன். இப்போது எம் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை. படம் வந்தது. அமுக்கினேன். டீச்சர் பாடினார். கனகா தவறுகிற அந்த இடம் வரும்வரை இருவரும் அசையாமல் கேட்டோம்.

நான் நிறுத்தினேன். "நம்புதியா?"

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் கத்தும்போது எங்க இருந்தீங்க?"

"அடுக்களையில."

"ஆறு நாள் அத்தே. அவுக மூஞ்சியப் பாத்து ஒரு வாய்ச் சோறு போடல நான். பிள்ளைகிட்டச் சொல்லிப் பிள்ளையும் பேசல. நீங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஏன் சொல்லல?"

"அஞ்சாங்கிளாஸ்காரிக்கு எதுக்கு இந்த வேலைன்னு நீ சொல்லிருவேன்னு."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள். "சொன்னா என்ன? சொல்லிட்டுப் போயிருப்பேன், அத்தோட முடிஞ்சிருக்கும்."

கரண்டியை மேஜையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுக்காமல், கடைப்பக்கம் வேகமாக நடந்தாள். குடையும் எடுக்கவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது.

பதினொரு மணி பஸ் போயிருக்கும். நான் சோறு வடித்தேன்.

மத்தியானம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் அழுதிருந்தாள். அவன் நேரே அடுக்களைக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் நெஞ்சுல அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். நீ பக்கத்துல நின்னு காப்பி ஆத்திக்கிட்டிருந்தியேம்மா" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஜூன் 18, புதன்

கனகா கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். ஆன் செய்தால் ரகசியச் சொல் கேட்கிறது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

வெண்டைக்காய் வாங்குகிற விலையில் இல்லை.

ஜூன் 19, வியாழன்

வருணிகாவுக்குக் கடிதம் எழுதிக் கனகாவிடம் ஒட்டாமல் கொடுத்தேன். படித்துவிட்டுத் தபாலில் சேர்க்கட்டும். உன் அப்பா ஒன்றும் செய்யவில்லை, செய்தது ஆச்சி, நீ கேட்ட அன்று லைன் நன்றாகத்தான் இருந்தது என்று எழுதினேன். நாலு வரிக்கு மேல் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

குற்றாலிங்கம் ஹாஸ்டலுக்குப் போய் வந்தான். வருணிகா கீழே இறங்கி வந்தாளாம், அப்பாவைக் கட்டிக்கொண்டாளாம். கனகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்பதுகூட இல்லை.

ஜூன் 25, புதன்

கனகா காம்போதியில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். இன்று காலை மூன்று தடவையும் தாண்டினாள். அவன் ஷேவிங் செய்துகொண்டே கண்ணாடியை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். ஜூலையிலிருந்து கடைக்கு வேறு ஆள் போடுவதாகச் சொல்லியிருக்கிறானாம்.

என்னைப் பார்த்ததும் மறுபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டான்.

ஜூன் 28, சனி

பரீட்சை. ஐந்தே முக்கால் பஸ். பைக்கில் பஸ் ஸ்டாண்டு போய், அங்கே வண்டியை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்தே திருநெல்வேலி போகிறார்கள். எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன்.

கனகா காலில் விழுந்தாள். திருநீறு பூசிவிட்டேன். "அவசரப்படாமப் பாடு" என்றேன். "சரி அத்தே" என்றாள். அவன் பக்கம் திரும்பி, "நீங்களும் பூசிக்கிடுங்க" என்றாள். அவன் பைக் சாவியைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

திருநீற்றுத் தட்டோடு நான் உள்ளேயே நின்றேன். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. உடனே நின்றது. எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கனகா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் கால்களை ஊன்றி நின்றபடி, தலையை மட்டும் வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"யம்மா. கதவைத் தாப்பாப் போட்டுக்கோ. காத்து அடிக்கு."

பதினோரு நாளாகிறது அவன் என்னைக் கூப்பிட்டு. அந்த நேரத்தில் காற்று அடிக்கவில்லை, ஒரு இலை ஆடவில்லை.

"சரி ஐயா" என்றேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று, கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.